மோப்பக்கா மூக்கைப் பொத்திய நாள்

“ஒரு நாத்தத்துக்குப் பேரு சொல்லத் தெரியல. நீயெல்லாம் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறே அம்மணி?”

நான் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் சேர்ந்த இரண்டாம் மாதம், கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியின் ஆய்வகத்தில், கழுவிய குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி கேட்ட கேள்வி இது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வம்சத்தில் கட்டைவிரலில் மை தடவாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் படிக்கக் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட என்னை, எட்டாவதோடு நின்றுபோன ஒரு லேப் அட்டெண்டர் கேட்கிறார்.

அவரைத்தான் நாங்கள் மோப்பக்கா என்போம். கோயமுத்தூர் ஜில்லாவில் அப்படியொரு மூக்கு அதற்கு முன்பும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. நான் அளவைச் சொல்லவில்லை. அளவும் கொஞ்சம் பெரிதுதான்.

ஆய்வகத்தின் முதல் விதி, எந்த பாட்டிலையும் நேராக முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். அதை ஒட்டியவர் மோப்பக்காதான். ஒட்டுவதற்கு முன் பசையை முகர்ந்து பார்த்து, “மைதா புளிச்சுப்போச்சு” என்றும் சொன்னார். லேபிள் உதிர்ந்த பாட்டில்களை வரிசையாக வைத்தால் மூடியைத் திறந்து திறந்து பெயர் சொல்லுவார். ஆங்கிலப் பெயரெல்லாம் அவருக்கு வராது. “இது கண்ணெரிச்சல். இது ஆஸ்பத்திரி. இது அழுகுன முட்டை. இது வாசமில்லாதது, ஆனா ஆளைக் கொல்லும், அக்கட்டால வையி.” ஒன்றுகூடத் தப்பாது.

எங்கள் டிபன் பாக்ஸ்களையும் விட்டுவைக்க மாட்டார். “ஏனம்மணி, ஹாஸ்டல்ல பருப்பு அடி புடிச்சுதா? அடிப்புடிச்சதை அடியோட சுரண்டித்தான் உங்களுக்குப் போட்டிருக்குது” என்பார். அந்தப் பட்டப்பெயரை முதுகுக்குப் பின்னால்தான் வைத்தோம். ஒருநாள் அவர் காதிலேயே விழுந்துவிட்டது. திட்டு விழும் என்று காத்திருந்தோம். அவர் சிரித்தார். “நீங்க பட்டம் வாங்க ரெண்டு வருசம் படிக்கோணும். எனக்கு சும்மாவே கெடைச்சுப்போச்சு.”

எச்சிலில் உள்ள என்சைம் மாவுச்சத்தை எப்படிக் கரைக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் செய்முறை. மாவுச்சத்து இருக்கும்வரை அயோடின் சொட்டு விட்டால் நீலமாகும். எச்சில் கலந்து சில நிமிடத்தில் நீலம் வராமல் போய்விடும். எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். எல்லாம் சரி, இருபது பெண்கள் நடுவில் நின்று குடுவையில் துப்புவது யார்? வெட்கத்தில் யாருக்கும் வாயில் ஈரமே வரவில்லை. மோப்பக்கா பார்த்தார். “இதுக்கா இத்தனை கூச்சம்? கொண்டா இங்க” என்று பீக்கரை வாங்கினார். அந்த வருடம் முழு வகுப்புக்கும் அவருடைய எச்சில்தான். பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இருபது நோட்டுகளையும் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, இந்தக் காலேஜ்ல எல்லாருக்கும் ஒரே வாயா?”

இன்னொரு சமயம், துறைத் தலைவி மேடம் பம்பாயிலிருந்து ஐஸில் வைத்து ஒரு என்சைம் வரவழைத்தார். மே மாத வெயிலில் ரயிலில் வந்த பெட்டி. திறந்தபோது ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. மேடம் மூன்று நாள் சோதனை செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் மோப்பக்கா குப்பியை முகர்ந்துவிட்டு, “செத்துப்போச்சுங்க மேடம்” என்றார்.

“என்சைம் என்ன கோழியா சாகறதுக்கு?”

“தெரியலீங்க. ஆனா செத்ததுதானுங்க.”

செத்துத்தான் போயிருந்தது. என்சைம் என்பது ஒரு புரதம். குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருக்கும் வரைதான் அதற்கு வேலை தெரியும். சூடு பட்டு மடிப்பு கலைந்தால், வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாததுபோல அதுவும் திரும்பாது. மேடம் குப்பியைக் குப்பையில் போடச் சொன்னார். மோப்பக்கா அதை ஆய்வகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் புதைத்து, காபிக்கு வைத்திருந்த பாலை அதன் மேல் ஊற்றிவிட்டு வந்தார். அன்று எங்கள் எல்லோருக்கும் கடுங்காப்பி.

டி.என்.ஏ.வை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டு ஈரலை அரைத்து வடிகட்டி, குளிர்ந்த ஸ்பிரிட் ஊற்றினால், வெள்ளை நூலாக மேலே வரும். கண்ணாடிக் குச்சியில் அதைச் சுற்றி எடுத்தபோது எனக்குப் புல்லரித்தது. மோப்பக்கா குனிந்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

“வாசமே இல்லையே அம்மணி.”

“இது வாசம் அடிக்காதுங்கக்கா. ரெண்டு இழை, ஒண்ணை ஒண்ணு சுத்தி முறுக்கியிருக்கும். நடுவுல ஏணிப்படி மாதிரி கட்டு. நாலே நாலு எழுத்து. ஒரு இழையில இந்த எழுத்துன்னா எதிர் இழையில இந்த எழுத்துதான்னு கணக்கு. ஒரு இழையைப் பாத்தாப் போதும், இன்னொண்ணை எழுதிப்போடலாம். நம்ம மூக்கு, முடி, நோவு எல்லாம் இதுலதான் எழுதியிருக்குது.”

“வாசமில்லாததை நான் நம்பமாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஈரல் அரைத்த மிக்சியைக் கழுவப் போய்விட்டார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில், புதிதாக யார் ஆய்வகத்துக்குள் வந்தாலும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். மேடத்திடம் கேட்டார், தேர்வாளரிடம் கேட்டார், ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்ய வந்தவரிடமும் கேட்டார். “ஏனுங்க, பச்சக்கொழந்தையோட மூத்திரத்துல கருகுன வெல்ல வாசம் வந்தா அது என்ன நோவுங்க?” நான் சேர்ந்த புதிதில் என்னிடமும் கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு “சர்க்கரை வியாதி” என்றேன்.

“சக்கரை நோவு வாசம் எனக்குத் தெரியும். எங்க அப்பனுக்கு இருந்துது. இது வேற” என்றார். வேறு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவர் கேட்டார், நான் படித்து என்னத்தைக் கிழிக்கப்போகிறேன் என்று.

காரணம் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் பின்புறம், கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்த பெண்ணை, பிள்ளை திருட வந்தவள் என்று வாட்ச்மேன் பிடித்து வைத்திருப்பதாக ஹாஸ்டலுக்குப் போன் வந்தது. மேடமும் நானும் ஓடினோம். ஆயாக்கள் சுற்றி நின்று திட்டிக்கொண்டிருக்க, மோப்பக்கா நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும், “அறுபது துணி பாத்துப்போட்டேனுங்க மேடம். ஒண்ணுலகூட அந்த வாசம் இல்லீங்க” என்றார், பரீட்சை ரிசல்ட் சொல்வதுபோல.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்குச் சேனை வைப்பது என்று பெயர். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் நல்ல ஆளாகத் தேடுவார்கள். காரமடைப் பக்கம் இருந்த மோப்பக்காவின் தங்கை சரசுவுக்கு முதல் குழந்தை பிறந்தபோது, அக்காதான் வைக்க வேண்டும் என்று சரசு பிடிவாதம் பிடித்தாள். மோப்பக்கா வெல்லத் தண்ணீரில் விரலை நனைத்து வைத்தார். நான்கு நாள் குழந்தை நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் பால் குடிக்கவில்லை. துணியில் வெல்லம் கருகும் வாசம் வந்தது. பத்தாம் நாள் போய்விட்டது.

“நான் வெச்ச வெல்லம்தான் கொழந்தை வயித்துல கருகிப்போச்சுன்னுட்டாங்க.”

இரண்டாவது குழந்தைக்கு வேறொருத்தி சேனை வைத்தாள். அது பிழைத்து இன்று பள்ளிக்கூடம் போகிறது. ஊருக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மூன்றாவது பிறந்தபோது இவரை உள்ளேயே விடவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கும் அதே வாசம், அதே பத்து நாள். கையில் இருந்த தோஷம் கண்ணுக்கும் ஏறிவிட்டது என்றார்கள். சரசுவின் புருஷன் வேறு யாருமல்ல, இவர்கள் இருவருக்கும் தாய்மாமன்.

“மொதல்ல எனக்குத்தான் அம்மணி பேசுனாங்க. என்ற மூக்கைப் பாத்துட்டு, சின்னவளைக் கட்டறேன்னுட்டாரு மாமன். அந்தப் பொறாமையில நாந்தான் பண்ணிப்போட்டேன்னு பேச்சு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கும் தெரியல. பொறாமை இருந்துதுதானே? கையில ஏதாச்சும் இருந்துதோ என்னமோ.”

ஒன்பது வருடமாகச் சரசு இவரோடு பேசவில்லை. இந்த மூக்கு ஒன்பது வருடமாகத் தேடியது தன் மேல் விழுந்த பழிக்கு ஒரு பதிலை.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த பருவத் தேர்வில் பிறவிக் குறைபாடுகள் பற்றி ஒரு கேள்வி வந்தது. ஒரு குறிப்பிட்ட என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால், சில அமினோ அமிலங்கள் பாதி உடைந்த நிலையில் இரத்தத்தில் தேங்கி, மூளையைத் தாக்கி, குழந்தை இறக்கும். சிறுநீரில் மேப்பிள் பாகு வாசம் வரும். பக்கம் பக்கமாக எழுதினேன். முழு மதிப்பெண். மேப்பிள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ குளிர்தேசத்து மரம். அதன் பாகு எப்படி மணக்கும் என்று நான் யோசிக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. வெல்லம் காய்ச்சுகிற சீமையில் பிறந்து வளர்ந்துவிட்டு, தினமும் என் பக்கத்தில் நின்ற ஒருத்தர் கேட்ட கேள்விக்கான விடையைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து மேடத்தின் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தார். அவர் கொண்டுவந்த ஒரு பாட்டிலைத் திறந்து, ஆளுக்கொரு துண்டு ரொட்டியில் ஊற்றிக் கொடுத்தார் மேடம். டீ தட்டோடு உள்ளே வந்த மோப்பக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டு சாய்ந்து டம்ளர்கள் உருண்டன.

“ஆரு ஊட்டுக் கொழந்தைங்க?” என்றார்.

“என்ன குழந்தை?”

“எங்க வெச்சிருக்கறீங்க? கொழந்தையை எங்கீங்க வெச்சிருக்கறீங்க?” மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக் கதவைத் திறந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். மேப்பிள் பாகு என்று இருந்தது. ரொட்டியை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

அன்று மாலை அவரை உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த தறி பாஷையில் சொன்னேன். “அக்கா, தறிக்கொட்டாயில பாவு நூலைத் தறியில பிணைக்கறவருக்கு அந்த ஒரு வேலைதான். அவர் வரலைன்னா பாவு வாசல்லயே குமியும். என்சைமும் அப்பிடித்தான், ஆளுக்கொரு வேலை. அந்தக் கொழந்தைக உடம்புல ஒரு ஆளு பொறக்கறப்பவே இல்லை. குமிஞ்சதுதான் அந்த வாசம்.”

“ஏன் இல்லை?”

“துணியில பூப் போடறதுக்கு ஓட்டை குத்துன டிசைன் அட்டையில ஒரு ஓட்டை தப்பாப் போச்சுன்னா துணி முழுக்கத் தப்பு வருமுங்கல்ல? டி.என்.ஏ.தான் அந்த அட்டை. ஒவ்வொரு அட்டையும் நம்மகிட்ட ரெண்டு இருக்கும். அம்மாகிட்டயிருந்து ஒண்ணு, அப்பாகிட்டயிருந்து ஒண்ணு. ஒண்ணு பழுதானா இன்னொண்ணு பாத்துக்கும். சரசக்காவும் மாமனும் ஒரே ஊட்டு ஆளுக. ரெண்டு பேர்கிட்டயும் அதே பழுது அட்டை ஒண்ணொண்ணு இருக்குது. கொழந்தைக்கு ரெண்டும் பழுதா வந்தா அவ்வளவுதான். நாலுல ஒண்ணுக்கு அப்பிடி வரலாம். நடுவுல ஒண்ணு பொழைச்சுது பாருங்க, அதுக்கு நல்லது வந்துபோச்சு. சேனை ஆரு வெச்சாங்கன்னு அட்டைக்குத் தெரியாது.”

“அப்ப மாமன் என்னைக் கட்டியிருந்தா?”

“உங்ககிட்டயும் அந்த அட்டை இருந்திருந்தா இதே கதைதானுங்க.”

“மூக்கு காப்பாத்திப்போடுச்சு” என்றார். சிரிக்கத்தான் முயன்றார். பிறகு சொன்னார், “சரசுக்கு இப்ப எட்டு மாசம் அம்மணி.”

குழந்தை பிறந்த செய்தி வந்தது. ஆறாம் நாள், பால் குடிக்க மறுக்கிறது என்று, மோப்பக்கா சொல்லி வைத்திருந்த உறவுக்காரர் ஒருவர் துறைக்குப் போன் செய்தார். எங்கள் ஆய்வகத்தில் தெளிந்த மஞ்சள் நிறத்தில் ஒரு கரைசல் உண்டு. தேங்கிப்போன அந்தப் பொருள் சிறுநீரில் இருந்தால் அது கலங்கி, மாவுபோல் படியும். இல்லையென்றால் தெளிவாகவே இருக்கும். அதை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு இருவரும் காரமடை வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினோம்.

வாசலில் மாமன் நின்றார். மோப்பக்காவைப் பார்த்து, “நீ அங்கயே நில்லு” என்றார். “காலேஜ்ப் புள்ளைன்னா உள்ள வரச் சொல்லு.” மோப்பக்கா ரோட்டோரம் மைல் கல் அருகே நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். குழந்தை கிறீச்சென்ற குரலில் அழுதுகொண்டிருந்தது. சரசு ஈரத் துணியை என்னிடம் நீட்டினாள். அதைப் பிழிந்து ஒரு சோதனைக் குழாயில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் பத்தடி தூரத்தில் வரும்போதே மோப்பக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த மூக்கு மூடியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

“நீ மருந்து ஊத்து அம்மணி. என்ற மூக்கு பொய் சொல்லும்.”

“அது பொய் சொன்னதில்லீங்களே அக்கா.”

“இன்னைக்கு சொல்லட்டும். ஊத்து.”

மைல் கல்லின் மேல் குழாயை நிறுத்திப் பிடித்து, கரைசலை ஊற்றினேன். இருவரும் குனிந்து பார்த்தோம். ஒரு லாரி போனது. அது கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் குழாயின் அடியில் புகைபோல ஒன்று எழுந்தது. மெல்ல மெல்லக் குழாய் முழுக்கக் கலங்கியது.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு இதுதான் சாட்சிங்கக்கா” என்றேன். அதைத்தான் சொல்ல வந்திருந்தேன்.

மோப்பக்கா கல்லில் கையூன்றி நின்றார். “கலங்கக் கூடாது, கலங்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன் அம்மணி. நாந்தான் கொன்னேன்னு இருந்துட்டுப் போகட்டும். இந்தக் கொழந்தை இருக்கட்டும்னு.”

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த டாக்டரம்மாவும் அந்த நோயைப் புத்தகத்தில்தான் படித்திருந்தார். அதற்கென்று ஒரு பால்மாவு வெளிநாட்டில் உண்டு, வந்துசேர வாரங்கள் ஆகும் என்றார். குழந்தைக்கு இருந்தது நாட்கள்தான். பதினோராம் நாள் முடிந்தது.

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சின் ஒரு முனையில் சரசு, மறு முனையில் மோப்பக்கா. நடுவில் நான். டாக்டரம்மா மாமனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். மாமன் சுவரைப் பார்த்து நின்றார். சரசு நேரே பார்த்தபடி பேசினாள்.

“இந்தவாட்டி ஆரு சேனை வெச்சாங்க தெரியுமாக்கா?”

“ஆரு?”

“நானே வெச்சேன். ஆரு மேலயும் பழி வேண்டாம்னு.”

மோப்பக்கா என் மடிக்கு மேலே கையை நீட்டித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்பது வருடம் கழித்து அவர்கள் தொட்டுக்கொண்டது என் மடியில். வெகுநேரம் அழுத பிறகு, மூக்கை உறிஞ்சிய மோப்பக்கா திடீரென்று நிமிர்ந்தார். “பெனாயில்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்திருக்கறாங்க, பாரு” என்றார். சரசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே அவள் மறுபடி அழுதாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் இப்போது அதே துறையில் ஆராய்ச்சி மாணவி. எங்கள் செய்முறைக் கையேட்டில் மேப்பிள் என்ற இடத்தை அடித்துவிட்டு, “கரும்பாலையில் வெல்லப்பாகு முற்றிக் கருகும்போது வரும் வாசம்” என்று எழுதியிருக்கிறேன். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் அண்ணிக்கு இது ஒன்பதாம் மாதம். அசலூர்ப் பெண், உறவில் கட்டியதில்லை. சேனை வைக்க யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் பேச்சு எடுத்தபோது நான் மோப்பக்காவின் பெயரைச் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “அந்தம்மா தேன் வெப்பாங்களா, சக்கரத் தண்ணியா?” என்று கேட்டார்.

மோப்பக்காவிடம் சொன்னபோது கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டார்.

“வேண்டாம் அம்மணி. உங்கூட்டுக் கொழந்தைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?”

“ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேனுங்க. ஆனா உங்க கையால ஆகாது.”

தன் வலது கை விரலை எடுத்து, அதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். “என்ற குணம் வந்துபோடுமே. பாக்கறதையெல்லாம் மோந்துட்டுத் திரியுமே” என்றார்.

அதற்காகத்தானே கூப்பிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பேன் என்று மட்டும் சொன்னேன். போனேன். பையில் ஒரு மாற்றுச் சேலையும், இறுகக் கட்டிய ஒரு வெல்லப் பொட்டலமுமாக, முதல் பஸ்ஸிலேயே அவர் வந்து இறங்கினார்.